ஒரு நாற்காலி, ரெண்டு சிபாரிசு

1978 ஜூன் 5, திங்கள்

விடாத மழை. விறகு நனைந்து அடுப்பு புகைகிறது. வெந்நீர் காயவே அரை மணி. துவைத்த பாவாடைக்கு இன்றோடு மூன்று நாள், இன்னும் ஈரம். செய்ய வேண்டியவை: அம்மாவின் கம்பளியில் கிழிசல் தைக்க. மண்ணெண்ணெய். தேவிகுளம் போய் எம்ப்ளாய்மெண்ட் கார்டு புதுப்பிக்க (நாளைக்கு, பஸ் வந்தால்).

அம்மாவுக்கு இந்த மாதம் முப்பதோடு வேலை முடிகிறது. முப்பத்தொரு வருஷம் கொழுந்து கிள்ளியாயிற்று. எஸ்டேட் வழக்கப்படி, வேலை முடிந்து போகிற ஆள் தன் இடத்துக்குப் பிள்ளைகளில் ஒருவர் பேரைக் கொடுக்கலாம். ஒரே தடவைதான். இருபத்தைந்தாம் தேதிக்குள். கொடுத்தால் தோட்ட வேலையும், எஸ்டேட் கொடுத்த இந்த லயத்து வரிசை வீடும் அந்தப் பேருக்கு. கொடுக்காவிட்டால் இரண்டும் போச்சு. அக்காவைப் போடியில் கட்டிக்கொடுத்தாயிற்று. அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மிச்சம் யார்? தங்கபுஷ்பம், வயசு 21, எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் லோயர் பாஸ். வேறு யார், நான்தான்.

கொழுந்து கிள்ளுவது கேவலம் என்று நான் சொல்லவே இல்லை. அம்மா கிள்ளித்தான் நான் டைப் படித்தேன். ஆனால் இரண்டு வருஷம் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு டைப் வகுப்புக்கு நடந்துபோய், 'e' எழுத்து ஒட்டிக்கொள்கிற மிஷினில் அடித்துப் பழகியிருக்கிறேன். ஒரு மிஷின், அதன் முன்னால் என்னுடையது என்று ஒரு நாற்காலி. அவ்வளவு ஆசைதான்.

அம்மா: "டைப்படிச்ச வெரலு கொழுந்து கிள்ளாதாட்டி?"

"கிள்ளும்மா. கிள்ளுன வெரலுதான் பெறகு டைப்படிக்காது."

அம்மா எழுந்து அடுப்பை ஊதினாள். அப்புறம் கருவாடு சுட்டுக் கொடுத்தாள். கோபம் இல்லை என்று அர்த்தம்.

ஜூன் 6, செவ்வாய்

பஸ் வந்தது. தேவிகுளம். எம்ப்ளாய்மெண்ட் வரிசையில் எனக்கு முன்னால் நாற்பது பேராவது இருக்கும். பாதிப் பேர் என்னோடு படித்தவர்கள். ஒரு கல்யாண வீடு மாதிரி விசாரிப்பு. "உனக்குக் கார்டு வந்துச்சா?" "எனக்கு வரல, உனக்கு?" ஜன்னலில் இருந்தவர் நல்ல மனுஷர். "இனியும் காத்திருக்கணும் கேட்டோ" என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்திக் கொடுத்தார். மூன்று வருஷமாக அதே சிரிப்பு.

வரிசையில் கிடைத்த பெரிய செய்தி: எங்கள் எஸ்டேட் ஆபீஸ் டைப்பிஸ்ட்டுக்குத் துபாய் விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் போகிறான். நாற்காலி காலி! பேப்பரில் விளம்பரம் எல்லாம் வராதாம், தெரிந்தவர் மூலம்தான் எடுப்பார்களாம்.

வீட்டுக்கு வரும்போது அரை ஓட்டம். சேற்றில் ஒரு தடவை விழுந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. கிடைக்காமல் போனால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

ஜூன் 8, வியாழன்

காலையில் வெயில், பத்து நிமிஷம். எல்லா லயத்திலும் துணி ஓடி வந்து வெளியே நின்றது. திரும்ப மழை.

மாமா வந்தார். அம்மாவின் தம்பி, மாட்டுப்பட்டிப் பால் பண்ணையில் மாட்டுக்காரர். ஒரு தூக்குப் பால், பத்துத் தூக்குப் பேச்சு. மாமாவுக்குத் தெரியாத ஆள் இந்த மலையில் கிடையாது (அவர் சொல்வது). அவரைத் தெரிந்த ஆள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. அம்மா தண்ணிக்குப் போன நேரம் பார்த்து விஷயத்தைச் சொன்னேன்.

"இம்புட்டுத்தானா? ஏ மருமவளே, நீ அந்த நாக்காலியில ஒக்காந்துட்டதா வச்சிக்கோ."

"யாருகிட்ட மாமா சொல்லுவீங்க?"

"கீழ்கடைச் சங்கத்துச் செயலாளரு யாரு? எங்கூட ஒண்ணா மாடு புடிச்சவன். அவன் லெட்டரு குடுத்தா தொரை எந்திரிச்சு நின்னு வாங்குவாரு."

எங்கள் எஸ்டேட்டில் இரண்டு சங்கம். மேல் டீக்கடையில் கூடுவது ஒன்று, கீழ் டீக்கடையில் கூடுவது இன்னொன்று. நிஜப் பேர் நீளமாக இருக்கும், யாரும் சொல்வதில்லை. மேல்கடை ஆள் கீழ்கடையில் டீ குடித்தால் அது செய்தி. அம்மா இருபத்திரண்டு வருஷமாக மேல்கடை. ஆனால் மாமாவுக்குத் தெரிந்தவர் கீழ்கடைக்காரர். என்ன செய்ய? ஒரு வேலை மனு எழுதி மாமா கையில் கொடுத்தேன். "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் மாமா" என்றேன். மாமா வாயில் விரல் வைத்துக் காட்டினார். அந்த விரலை எடுத்ததும் பேசிவிடுவார் என்பதுதான் பயம்.

ஜூன் 11, ஞாயிறு

அரிசி புடைத்தேன். தலைக்குச் சீயக்காய். அம்மா மத்தியானம் நல்ல சேலை கட்டிக்கொண்டு எங்கேயோ போனாள். "எங்கம்மா?" "சும்மா. ஒரு சாவு வீடு." சாவு வீட்டுக்கு யாராவது பூ வைத்துக்கொண்டு போவார்களா? ஐந்து மணிக்கு வந்தாள். ஏதோ ஜெயித்த முகம். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மாமா பால் வண்டிக்காரரிடம் சொல்லியனுப்பினார்: "காரியம் பழம்."

குதித்தேன். நடுச் சுவர்ப் பலகை ஆடியதில் பக்கத்து வீட்டு அக்கா "என்ன புள்ள, பூகம்பமா?" என்றாள்.

ஜூன் 14, புதன்

கெட்ட நாள். எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

ஹெட் கிளார்க் கூப்பிட்டுவிட்டார். சேஷு ஐயர், பாலக்காடு கல்பாத்திக்காரர். இந்த ஆபீஸில் தலை நரைத்தவர். சிபாரிசு வேலை செய்துவிட்டது என்று நினைத்து, நெற்றியில் பொட்டெல்லாம் பெரிதாக வைத்துக்கொண்டு போனேன்.

மேஜையில் இரண்டு லெட்டரை எடுத்து வைத்தார். ஒன்று மேல்கடைச் சங்கம், ஒன்று கீழ்கடைச் சங்கம். இரண்டிலும் "எங்கள் சங்கத்தைச் சேர்ந்த குடும்பத்துப் பெண் தங்கபுஷ்பத்துக்கு..."

"என்னவாக்கும் இது, கொழந்தே?"

இரண்டு லெட்டரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இந்த எஸ்டேட்ல சூரியன் கிழக்கே உதிக்கறதுன்னு சொன்னாக்கூட ரெண்டு சங்கமும் சேந்து ஒத்துக்காது. நீ ரெண்டு பேர்கிட்டேயும் கையெழுத்து வாங்கிண்டு வந்துட்டே. மிடுக்கிதான், கெட்டிக்காரி. ஆனா ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா என்ன ஆகும்னு மனசிலாயித்தோ?"

மனசிலாயிற்று. நன்றாகவே.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைச் சாவு வீடு எது என்று தெரிந்தது. மேல்கடைச் செயலாளர் வீடு. துபாய்ச் செய்தி அம்மாவுக்கும் தோட்டத்தில் கிடைத்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் வாங்கி, லெட்டர் பலித்த பிறகு சொல்லலாம் என்று இருந்திருக்கிறாள்!

"நீ ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு நின்றோம். அப்புறம் அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. எனக்கு அழுகை வந்தது. பிறகு அவளுக்கு அழுகை, எனக்குச் சிரிப்பு. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூன் 16, வெள்ளி

தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்க வேண்டியதே இல்லை. மாமாவின் விரல்.

காலையில் மேல்கடைச் செயலாளர் வாசலில். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவில்லை. "அக்கா, இருபத்திரெண்டு வருசம். ஒரு வார்த்தை சொல்லிருந்தா வேண்டாம்னா சொல்லப் போறேன்? எங்க லெட்டர வச்சிக்கிட்டே அவன்கிட்டயும் போயிருக்கீக."

அம்மா: "நான் போகல அண்ணாச்சி. எந்தம்பி போயிட்டான்."

"தம்பி யாரு, உங்க தம்பிதான?"

சாயங்காலம் கீழ்கடைக்காரர் வந்தார். அதே பேச்சு, குரல் மட்டும் இன்னும் பெரிசு. "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலா? யாரு ஆளுன்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு வாங்க." இரண்டு பேரும் ஆபீஸுக்குப் போய் லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். ஒரே நேரத்தில். வாசலில் இடித்துக்கொண்டார்களாம்.

மேல்கடையில் டீ கேட்டேன், சர்க்கரை இல்லாமல் வந்தது. கீழ்கடையில் பால் தீர்ந்துபோச்சாம். பக்கத்திலேயே பானை பொங்கிக்கொண்டு இருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. இனி கூடைதான். அம்மாவின் கூடையை முதுகில் மாட்டிப் பார்த்தேன். பட்டை நெற்றியில் சரியாகத்தான் உட்காருகிறது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 18, ஞாயிறு

மாமா வந்தார். இரண்டு தூக்குப் பால், பேச்சே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு மூலையில் உட்கார்ந்தார். பார்க்கவே சகிக்கவில்லை. நான்தான் சோறு போட்டு, "விடுங்க மாமா, ஊர்ல ஒருத்தருக்கு ஒரு சங்கம்தான் எதிரி. நமக்கு ரெண்டு. பெரிய குடும்பம்ல" என்றேன். சிரித்தார். உடனே ஆரம்பித்துவிட்டார்: "தாலூக் ஆபீஸ்ல எனக்கு ஒரு ஆளு..." அம்மா கரண்டியை எடுத்தாள்.

ஐயர் ஆபீஸ் பியூனிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். இன்டர்வியூ 21ஆம் தேதி. லெட்டர் போனாலும் என் மனு இன்னும் ஃபைலில்தான் இருக்கிறதாம். "வரச் சொல்லு. வந்தா நஷ்டம் ஒண்ணும் இல்லை."

இரவல்: பக்கத்து வீட்டு அக்காவின் நீலச் சேலை, ஒரு குடை (கம்பி ஒன்று வெளியே). படிப்பு: வாசல் பலகையில் விரலால் அடித்துப் பழகினேன். asdf ;lkj. அம்மா: "பேன் பாக்குற மாதிரி இருக்கு."

ஜூன் 21, புதன்

நல்ல மழை. சேலை முழங்கால் வரை சேறு. குடை மடங்கிக்கொண்டது.

மொத்தம் எட்டுப் பேர். ஆளுக்கு ஒரு சிபாரிசுக் கவர் கையில். என் கையில் சர்ட்டிபிகட் மட்டும். பக்கத்தில் ஒரு பையன், பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் இருந்து முந்தின நாளே வந்து தங்கியிருக்கிறான். பி.ஏ., டைப்பில் ஹையர். அவனிடம் மூன்று கவர். குளிரில் பல் தந்தி அடிக்கிறது.

"ஏனுங்க, இங்க எப்பவுமே இப்படித்தான் பேயுமுங்களா?"

"இது தூறல்."

"அட சாமி!" என்றான். எங்க ஊட்டுப் பக்கம் இந்நேரம் நாத்து நட வயலில் நிற்பார்கள், ஒரு ஆள்கூட இப்படி நடுங்கமாட்டார்கள் என்று சொன்னான். இன்டர்வியூவுக்கு என்றே தைத்த சட்டை, மூன்று வருஷமாக அது ஒன்றுதானாம். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. போட்டிக்காரனாக இல்லாமல் இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

முதலில் டைப் டெஸ்ட். ஆபீஸ் மிஷினில் 'e' ஒட்டவே இல்லை! பழக்கத்தில் நான் 'e' வரும் போதெல்லாம் ஓங்கி அடிக்க, தாளில் அந்த எழுத்து வந்த இடமெல்லாம் ஓட்டை. ஐயர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு துரை, எஸ்டேட் மானேஜர். குடகுக்காரர், தமிழ் பாதி இங்கிலீஷ் பாதி. எல்லோரிடமும் ஒரே கேள்வி என்று வெளியே வந்தவர்கள் சொன்னார்கள்: "உன்னை யார் அனுப்பினது?"

என்னிடமும் கேட்டார். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம். வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டு சங்கமும் அனுப்புச்சுங்க சார். அப்புறம் ரெண்டு சங்கமும் வேண்டாம்னு திரும்ப வாங்கிட்டாங்க. இப்ப நான் தனியா வந்திருக்கேன்."

துரை பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு பேருக்கும் உன்மேலே கோபமா?"

"ஆமா சார். மேல்கடையில சர்க்கரை போட மாட்டேங்கறாங்க. கீழ்கடையில பாலே இல்லேங்கறாங்க."

அவர் சிரித்த சிரிப்பு ஃபாக்டரி வரை கேட்டிருக்கும். ஐயரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. வெளியே வந்து நல்லேப்பிள்ளிக்காரனிடம் "உங்களுக்குத்தான் கிடைக்கும்" என்றேன். "உங்க வாய்க்குச் சக்கரெ போடோணுமுங்க" என்றான். கீழ்கடைப் பக்கமாகத்தான் நடந்து வந்தேன். டீ கேட்கவில்லை.

ஜூன் 22, வியாழன்

எனக்கு!!!

பியூன் ஆர்டரோடு வந்தான். நான் நம்பாமல் நேரே ஐயரிடம் ஓடினேன். அவர் விளக்கினார்: அந்த நாற்காலியில்தான் லீவுச் சீட்டு, கூரைத் தகரம் மாற்றும் வரிசை, வெள்ளையடிக்கிற வரிசை எல்லாம் போடுவார்கள். இதுவரை இருந்த எல்லா டைப்பிஸ்ட்டையும் "நீ அந்தச் சங்கத்து ஆள்" என்று இந்தச் சங்கம் சொல்லும், இந்தச் சங்கத்து ஆள் என்று அந்தச் சங்கம் சொல்லும். மாதம் ஒரு தடவை ஆபீஸ் வாசலில் கோஷம்.

"நீ எந்தப் பக்கமும் இல்லைன்னு ரெண்டு பக்கமும் சேர்ந்து சர்ட்டிபிகட் கொடுத்துட்டா. இதைவிடப் பெரிய சிபாரிசு உண்டோ? ஆனா தாளை ஓட்டை போடாதே, கேட்டியோ."

வீட்டுக்கு வந்து அம்மாவைத் தூக்கிச் சுற்றினேன். அம்மா கனம் இல்லை.

அப்புறம் ஆர்டரை முழுதாகப் படித்தேன். தற்காலிகம். ஆறு மாதம். பிறகு பார்க்கலாம். ஆபீஸ் ஆளுக்கு லயத்து வீடு கிடையாது; ஃபாக்டரிக்கு மேலே குவார்ட்டர்ஸில் ஒரு அறை. ஆறு மாதத்தில் போகச் சொன்னால்? ஆபீஸ் ஆள் பேரைத் தோட்டத்தில் பதிய முடியாதாம்; அம்மா என் பேரையும் கொடுத்திருக்க மாட்டாள், வீடும் இருக்காது.

சந்தோஷம் பாதியில் நின்றுவிட்டது.

ஜூன் 23, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். பேசாமல் பேரைக் கொடுத்துவிடலாம், கூடையே போதும். நிஜமாகவே சொன்னேன். பாதி நிஜமாக.

பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொன்னாள்: "அரசன நம்பி புருசனக் கைவிட்ட கதையாப் போயிரும், பாத்துக்க."  அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள். கேட்டாளா இல்லையா என்றே தெரியவில்லை. சாப்பாட்டில் உப்பு இரண்டு தடவை போட்டிருந்தாள்.

ஜூன் 24, சனி

நாளை ஞாயிறு, ஆபீஸ் கிடையாது. ஆகவே இன்றுதான் கடைசி.

மழை விட்டிருந்தது. மஸ்டர் முடிந்ததும், ஆள் கணக்கு எடுக்கிற அந்த மேஜை முன்னால் வரிசை. இந்த மாதம் வேலை முடிகிறவர்கள் மூன்று பேர். முதல் ஆள் மகன் பேரைச் சொன்னார். அடுத்தது அம்மா. இரண்டு செயலாளர்களும் ஆளுக்கொரு ஓரத்தில் நிற்கிறார்கள், பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு.

சூப்பர்வைசர்: "பேச்சியம்மா, உம் பேருக்கு யாரு?"

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். சத்தியமாக வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"பேரு இல்லீங்க."

"இல்லையா? நல்லா யோசிச்சியா? திரும்ப வாங்க முடியாது."

"முப்பத்தொரு வருசமா யோசிச்சிருக்கேன். எம்மவ ஆபீஸுக்குப் போறா. எழுதிக்கோங்க."

எழுதினார்.  ஆறு மாதத்தில் என்னைப் போகச் சொன்னால் எங்களுக்கு ஒரு கூரை கிடையாது என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

வழியில்: "ஏம்மா அப்படிப் பண்ணுன?"

"பெறகு? கீழ விழுந்தா புடிக்க ஒரு கூடை இருக்குன்னு தெரிஞ்சா நீ ஒழுங்கா டைப்படிப்பியாட்டி?"

 அவள் கையை விடவில்லை நான், லயம் வரை.

மத்தியானம் மாமா, ஒரே ஆர்ப்பாட்டம். நல்லேப்பிள்ளிப் பையன் இன்டர்வியூ முடிந்து பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்து, பேச்சுக் கொடுத்து, பண்ணை ஆபீஸுக்குக் கூட்டிப்போய்விட்டாராம். அங்கே பால் கணக்கு எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார்களாம். சேர்த்துக்கொண்டார்கள்! மாமா சிபாரிசில் பலித்த முதல் வேலை. சொந்த மருமகளுக்கு இல்லை, யாரோ பெற்ற பிள்ளைக்கு. "பி.ஏ.வுக்கு மாட்டப் பாத்தா பயமா இருக்காம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஜூன் 26, திங்கள்

முதல் நாள். ஏழே முக்காலுக்கே போய்விட்டேன். நாற்காலி ஒரு கால் கட்டை. அடியில் அட்டை மடித்து வைத்தேன். என் நாற்காலி.

ஐயர் கையால் எழுதிய தாள்களை ஒரு கட்டாகத் தூக்கி வைத்தார். "மேலேர்ந்து ஆரம்பி."

மேலே இருந்தது, இந்த மாதம் வேலை முடிகிறவர்களுக்கான கடிதம். மூன்று பேர். இரண்டாவது பேர் பேச்சியம்மாள். மூன்று வரிதான். இத்தனை வருஷம் வேலை செய்தார், முப்பதாம் தேதியோடு விடுவிக்கப்படுகிறார், அவர் பேருக்கு வாரிசுப் பதிவு இல்லை.

அந்தக் கடைசி வரியை அடிக்கும்போது கை நின்றுவிட்டது. ஐயர் பார்த்தார். "அடி, கொழந்தே" என்று மட்டும் சொன்னார். அடித்தேன். ஒரு ஓட்டைகூட இல்லை.

மூன்று மணிக்கு மூவரையும் கைநாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அம்மா தோட்டத்தில் இருந்து நேரே வந்தாள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலையில் ஈரக் கம்பளி. ஆபீஸ் உள்ளே அவள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்து, தெரியாத ஆளிடம் கேட்பது மாதிரி மரியாதையாகக் கேட்டாள்: "இதுல எம் பேரு எங்கிருக்கு?"

காட்டினேன். அவள் விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தடவினாள். கொழுந்துக் கறை அப்படியே தாளில், பேர் மேலேயே.

"ஐயோ, அழுக்காக்கிட்டேனே."

"பரவால்ல. வேற அடிச்சுத் தாரேன்."

வேறு அடித்தேன். அதில் கைநாட்டு வைத்தாள். கறை பட்டதைக் கசக்கப் போனேன். கையில் இருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"குடுட்டி. நான் கிள்ளுனதும் நீ அடிச்சதும் ஒரே தாள்ல இருக்கு."

மடித்து மடியில் சொருகிக்கொண்டு கூடையைத் தூக்கினாள். வேலை முடிகிற சங்கு ஊத இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. திரும்ப மலை ஏறிவிட்டாள்.